விடையை மறைத்து வையுங்கள்: உயர்நிலை வகுப்புகளுக்கு வரலாற்றுப் பாடம் திட்டமிடும் முறை

1789 ஜூலை 14ஆம் நாள் பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறைக்கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். அதே நாளுக்கு நேராக, பிரான்சின் மன்னர் பதினாறாம் லூயி தமது நாட்குறிப்பில் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: ‘ஒன்றுமில்லை’. இந்த இரண்டு செய்திகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிவிட்டு ஆசிரியர் ஒன்றும் பேசாமல் நின்றால் போதும். பதினான்கு வயது மாணவர்கள் நிறைந்த வகுப்பு தானாகவே பேசத் தொடங்கிவிடும். அரண்மனைக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது என்பார் ஒருவர். மக்களைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை என்று இன்னொருவர் தீர்ப்பே எழுதிவிடுவார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, அந்த நாட்குறிப்பு பெரும்பாலும் மன்னரின் வேட்டைக் கணக்குதான் என்பதையும், ‘ஒன்றுமில்லை’ என்றால் அன்று வேட்டை இல்லை என்பதே பொருள் என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் சிரிப்பு எழும். அது அடங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மன்னரைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

இதற்கு ஏழெட்டு நிமிடங்கள் ஆகும். ஒரு சாக்பீஸைத் தவிர வேறு பொருள் எதுவும் தேவையில்லை. வரலாற்று வகுப்பைச் சுவையாக்க வேண்டும் என்று நினைத்தவுடன் நம்மில் பலரும் வெளியிலிருந்து எதையாவது கொண்டுவந்து சேர்க்கவே முயல்கிறோம்: ஒரு காணொலி, ஒரு வினாடி வினா, ஒரு நாடகம். அவற்றுக்கும் இடமுண்டு என்றாலும், மாணவர்களைக் கட்டிப்போடும் புதிர் பெரும்பாலும் பாடத்துக்குள்ளேயே கிடக்கிறது; பாடநூல் தன் விடையை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவதால் அது நம் கண்ணில் படாமல் போகிறது. எனவே வரலாற்றுப் பாடத்தைத் திட்டமிடுவதில் பாதி வேலை அந்தப் புதிரைத் தேடியெடுப்பது. மீதிப் பாதி, மாணவர்கள் அதைத் தாங்களே அவிழ்க்கும்படி சான்றுகளை வரிசைப்படுத்துவது.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுதல்

பாடக்குறிப்பேட்டில் ‘உப்புச் சத்தியாகிரகம்’ என்று எழுதினால், அந்தப் பாடவேளையில் நாம் சொல்லப்போவது என்ன என்பது மட்டுமே தெரியும்; மாணவர் எதை யோசிக்கப்போகிறார் என்பது தெரியாது. அதே இடத்தில் ‘ஒரு பேரரசை எதிர்க்க ஏன் உப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்?’ என்று எழுதிப் பாருங்கள். 1929 டிசம்பரில் லாகூர் மாநாட்டில் முழு விடுதலையே இலக்கு என்று அறிவித்த காங்கிரஸ், அடுத்த மூன்று மாதங்களில் உப்பு வரியைப் பிடித்துக்கொண்டது அன்றைக்கே பலருக்கு வியப்பாக இருந்தது. உப்பு இயக்கத்தை எண்ணித் தமக்குத் தூக்கம் கெடவில்லை என்று வைஸ்ராய் இர்வின் லண்டனுக்கு எழுதினார். அவ்வாண்டு முடிவதற்குள் 60,000 பேருக்கு மேல் சிறையில் இருந்தார்கள். வைஸ்ராயின் கணக்கு எங்கே தவறியது என்பதை மாணவர்கள் கண்டுபிடிக்கப் புறப்பட்டால், உப்பின் மீதான அரசின் ஏகபோகம், அது ஏழையின் அன்றாடத்தைத் தொட்ட விதம், யார் வேண்டுமானாலும் மீறக்கூடிய சட்டமாக அது இருந்தது ஆகிய மூன்றும், மனப்பாடம் செய்ய வேண்டிய காரணங்களாக இல்லாமல், தேடலில் அகப்பட்ட துப்புகளாக அவர்களுக்கு வந்து சேரும்.

எல்லாக் கேள்வியும் இந்த வேலையைச் செய்யாது. ‘காரணங்கள் யாவை?’ என்பது கேள்விக்குறி போட்ட தலைப்பு மட்டுமே. அதற்கு விடையாக ஒரு பட்டியல்தான் வரும். ‘அவர் நல்லவரா, கெட்டவரா?’ என்பது சூடாகத் தொடங்கி, சான்று எதையும் தொடாமலே ஓய்ந்துவிடும். நல்ல கேள்விக்கு இரண்டு பதில்களாவது நேர்மையாகச் சாத்தியமாக இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவும் சான்று வகுப்பறையில் மாணவர் கைக்கு எட்ட வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொது ஆண்டு 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப்பிரிவுகளிலிருந்து, ஊர்ச்சபைக்கான உறுப்பினர்களைக் குடவோலையால், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்கின்றன. ‘குடவோலை முறையை விவரி’ என்று கேட்டால் பாடநூலின் பத்தி அப்படியே திரும்பி வரும். ‘இதை மக்களாட்சி என்று அழைக்கலாமா?’ என்று கேட்டால், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும் என்ற தகுதிகளை மாணவர்களே கூர்ந்து படிக்கத் தொடங்குவார்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதியைக் கண்டதும் ஒரு பக்கம் பாராட்டு எழும். பெண்களும் நிலமற்றவர்களும் எங்கே என்று மறுபக்கத்திலிருந்து கேள்வி வரும். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைப்பது அரிது.

ஒரு பாடவேளைக்கு ஒரு கேள்வி என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கனமான கேள்வி ஒன்று மூன்று நான்கு பாடவேளைகளைத் தாங்கும். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் அதற்கு மாணவர் சொல்லும் பதில் சற்றே மாறிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி முடிவானதும் நான் செய்யும் அடுத்த வேலை, வகுப்பின் இறுதியில் ஓரளவு நன்றாகப் படிக்கும் ஒரு மாணவர் எழுதக்கூடிய பதிலை நானே ஐந்தாறு வரிகளில் எழுதிப் பார்ப்பது. இது வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் திட்டமிடலில் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான். அந்த ஐந்தாறு வரிகளில் எந்தெந்தப் பெயர், எந்தெந்த ஆண்டு, எந்தெந்தச் சொல் வருகிறதோ அவற்றை மட்டும் கட்டாயம் கற்பிக்க வேண்டியவை என்று குறித்துக்கொள்ளலாம். அதில் இடம்பெறாத செய்தி எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் இன்றைக்கு வேண்டாம். வரலாற்றைக் கரைத்துக் குடித்த ஆசிரியர்களின் வகுப்புகளே சில நேரங்களில் திணறிப்போவதற்குக் காரணம், விட்டுவிட மனம் வராமை.

சான்றுகளைத் தேர்ந்தெடுத்தலும் வெட்டுதலும்

அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்கப் புரட்சியின் தொடக்கச் சண்டையைப் பற்றிய ஒரே ஆவணத் தொகுப்பை எட்டு வரலாற்றாசிரியர்களிடமும் எட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, வாய்விட்டுச் சிந்தித்தபடியே படிக்கச் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் வாசகத்தைத் தொடுவதற்கு முன்பே அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று பார்த்தார்கள். ஓர் ஆவணம் சொல்வதை மற்றொன்றோடு ஒத்துப்பார்த்தார்கள். மாணவர்களோ பெரும்பாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, பாடநூலைப் படிப்பதுபோலவே செய்திக்காகப் படித்துக்கொண்டு போனார்கள். நம் வகுப்புகளிலும் நடப்பது இதுதான். எனவே சான்றுத்தாளைத் தயாரிக்கும்போது எழுதியவர், காலம், யாருக்காக எழுதப்பட்டது என்ற மூன்றையும் அடியில் சிறிய எழுத்தில் போடாமல் மேலேயே தனிக் கட்டத்தில் போட்டு, வாசகத்தைக் காட்டுவதற்கு முன்பு அந்தக் கட்டத்தை மட்டும் படிக்கச் சொல்லி, ‘இவர் எதைச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்பது நல்ல பழக்கம்.

சான்று எட்டுப் பத்து வரிகளுக்கு மேல் போகக் கூடாது. கடினமான சொற்களுக்கு ஓரத்தில் பொருள் தரலாம். மிகவும் சிக்கலான வாக்கியங்களைப் பிரித்து எளிமைப்படுத்துவதும் தவறில்லை. ஆனால் ஆவணத்தின் குரல் மறைந்துபோகும் அளவுக்கு அதை நம் நடைக்கு மாற்றிவிட்டால், மாணவர் கையில் இருப்பது மீண்டும் பாடநூல்தான்.

மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்ளும் ஓர் உத்தி, ஆவணத்தை எதிர்த்திசையில் படிப்பது. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக், அங்கிருந்த மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையோ அதற்கு மேலாகவோ கொன்றது. 1351இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், தொழிலாளர்கள் பிளேக்குக்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் இயற்றியது. இந்தச் சட்டத்தை மட்டும் கொடுத்து, ‘அப்போது ஊரில் என்ன நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். யாரும் கேட்காத கூடுதல் கூலியை யாரும் சட்டம் போட்டுத் தடுக்க மாட்டார்கள் என்பதை வகுப்பில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருங்கள். தடைச்சட்டம் எதுவாயினும், தடுக்கப்பட்ட செயல் நடந்துகொண்டிருந்ததற்கு அதுவே சாட்சி என்ற பாடம், அதன் பிறகு வரும் எல்லா அலகுகளிலும் பயன்படும்.

ஒரு பாடவேளை, நெருக்கத்திலிருந்து

நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை ஒன்றை முழுமையாகவே பார்ப்போம். பாடம் கலிங்கப் போர். கேள்வி, ‘அசோகர் உண்மையிலேயே வருந்தினாரா?’

மாணவர்கள் உள்ளே வரும்போது கரும்பலகையில் 1,50,000 என்றும் 1,00,000 என்றும் இரண்டு எண்கள் மட்டும் இருக்கின்றன. இவை ஒரு போரின் கணக்கு, முதலாவது நாடு கடத்தப்பட்டவர்கள், இரண்டாவது கொல்லப்பட்டவர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, இந்தக் கணக்கைப் பதிவு செய்தது யாராக இருக்கும் என்று கேட்கிறோம். தோற்றவர்கள் என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். வென்றவரே இதைப் பாறையில் வெட்டிவைத்தார், அதோடு இன்னும் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்றும் சேர்த்து எழுதினார் என்பதைச் சொல்லும் இடத்தில் வகுப்பு முதல் முறையாக நிமிர்ந்து உட்காரும். இதற்கு ஐந்து நிமிடம்.

அடுத்து, பதின்மூன்றாம் பாறைக் கட்டளையிலிருந்து எட்டு வரிகள் கொண்ட முதல் தாள். முடிசூடிய எட்டாம் ஆண்டில் கலிங்கத்தை வென்றதையும், அதன் பிறகு ஏற்பட்ட துயரத்தையும், இனி அறத்தால் பெறும் வெற்றியே மேலான வெற்றி என்ற முடிவையும் அதில் மன்னர் தம் குரலிலேயே சொல்கிறார். இருவர் இருவராகப் படித்து, வருத்தத்தைக் காட்டும் சொற்களின் கீழ் கோடிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் கை தூக்கச் சொன்னால் ஏறக்குறைய எல்லாரும் ‘வருந்தினார்’ என்ற பக்கமே நிற்பார்கள். நிற்கட்டும், அந்த எண்ணிக்கையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரைபடம். இந்தக் கட்டளை பொறிக்கப்பட்ட கிர்நார், கால்சி, ஷாபாஸ்கடி, மான்சேரா, எர்ரகுடி ஆகிய இடங்களை மாணவர்கள் குறிக்கிறார்கள். கந்தகாரில் இதன் ஒரு பகுதி கிரேக்க மொழியிலேயே கிடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறிக்கலாம். பிறகு கலிங்கத்தில் உள்ள தௌலி, ஜௌகடா என்ற இரண்டு இடங்களை வேறு நிறத்தில் குறிக்கச் சொல்லி, அங்கும் அசோகரின் கட்டளைகள் உண்டு, ஆனால் இந்தப் பதின்மூன்றாம் கட்டளை மட்டும் அங்கே இல்லை, பதினொன்றும் பன்னிரண்டும்கூட இல்லை, அவற்றுக்குப் பதிலாக வேறு இரண்டு தனிக் கட்டளைகள் இருக்கின்றன என்று சொல்கிறோம். போரின் துயரத்தைச் சொல்லும் வாசகம், போர் நடந்த மண்ணில் மட்டும் இல்லை. இதைச் சொன்ன பிறகு ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. குறைந்தது ஒரு நிமிட மௌனம் வேண்டும்; அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

மாணவர்கள் தங்கள் ஊகங்களைச் சொன்ன பிறகு இரண்டாம் தாள் போகிறது. கலிங்கத்தில் பொறிக்கப்பட்ட தனிக் கட்டளையின் வரிகள் அவை: எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்றும், யாரும் காரணமின்றிச் சிறைப்படக் கூடாது என்றும் அங்குள்ள அதிகாரிகளுக்கு மன்னர் அறிவுறுத்துகிறார். போரில் தோற்ற மக்களை ஆளும் அரசர், அவர்களுடைய புண்ணைக் கிளறாமல் நல்லாட்சியை மட்டும் பேசினாரா, அல்லது அவமானத்தை ஒப்புக்கொள்ளத் தயங்கினாரா என்று வகுப்பு பிரியும். பத்து நிமிடம் எஞ்சியிருக்கும்போது கடைசித் துண்டு: அதே பதின்மூன்றாம் கட்டளையில், காட்டில் வாழும் மக்களுக்கு, மன்னர் வருந்தினாலும் அவரிடம் வலிமை இருக்கிறது என்ற எச்சரிக்கையும் வருகிறது. இதைப் படித்த பின்பு மறுபடியும் கை தூக்கச் சொல்லி, முதல் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும்.

இறுதி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதில் ‘ஏனெனில்’ என்ற சொல்லும் ‘ஆயினும்’ என்ற சொல்லும் கட்டாயம் வர வேண்டும். சரியான விடை என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். அறிஞர்களும் இதற்கு ஒரே விளக்கத்தைச் சொல்வதில்லை என்ற உண்மையையே பதிலாகச் சொல்லலாம். ஆனால், எல்லா வாக்கியமும் சமமானதல்ல, எந்த வாக்கியம் மூன்று துப்புகளையும் விட்டுவிடாமல் கணக்கில் எடுத்துக்கொள்கிறதோ அதுவே வலுவானது என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். இல்லையென்றால், வரலாற்றில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற முடிவோடு அவர்கள் வெளியே போவார்கள்.

கதை சொல்வதை விட்டுவிட வேண்டாம்

சான்றும் குழுவேலையும் வந்த பிறகு, ஆசிரியர் நின்று கதை சொல்வது பழைய முறை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகத் திட்டமிட்ட பத்து நிமிடக் கதையைப்போலப் பின்னணியை விரைவாகவும் மறக்காதபடியும் கொடுக்கும் வழி வேறில்லை. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் ஓட்டுநர் தவறான தெருவில் வண்டியைத் திருப்பியதையும், இளவரசரைச் சுட்டுக் கொன்ற பத்தொன்பது வயது காவ்ரிலோ பிரின்சிப் அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்ததையும் மெதுவாக, ஒவ்வொரு நொடியாகச் சொல்லலாம். சொல்லி முடித்ததும், ‘வண்டி சரியான வழியில் போயிருந்தால் உலகப் போர் வந்திருக்காதா?’ என்ற கேள்வியோடு கதையை அறுத்துவிட்டு, கூட்டணிகள், ஆயுதப் போட்டி, பால்கன் சிக்கல், ஒரு மாத காலப் பேச்சுவார்த்தையின் தோல்வி ஆகியவற்றை எழுதிய அட்டைகளைக் குழுக்களிடம் கொடுக்க வேண்டும். எது வெடிமருந்து, எது தீக்குச்சி என்று பிரித்து அடுக்குவது அவர்கள் வேலை.

கதையை முடிவெடுக்க வேண்டிய கணத்தில் நிறுத்துவது இன்னும் கூர்மையான உத்தி. 1962 அக்டோபர் 16 அன்று, கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் எழுவதைக் காட்டும் வான்படங்கள் அமெரிக்க அதிபர் கென்னடியின் முன் வைக்கப்பட்டன. அன்றைக்கு அவருக்குத் தெரிந்தவற்றை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, சும்மா இருப்பது, பேச்சுவார்த்தை, கடற்படை முற்றுகை, வான்தாக்குதல், படையெடுப்பு என்ற ஐந்து வழிகளையும் கொடுத்து, பத்து நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்கள். துணிச்சலான பதின்வயதினர் பலர் வான்தாக்குதலைத் தேர்ந்தெடுப்பார்கள். கென்னடி முற்றுகையைத் தேர்ந்தெடுத்தார் என்பதைச் சொன்ன பிறகு, அப்போதே அந்தத் தீவில் போர்க்களத்தில் பயன்படுத்தக்கூடிய சிறிய அணு ஆயுதங்களும் இருந்தன, அமெரிக்கத் தரப்பு அதை முழுமையாக அறிந்தது 1992இல்தான் என்ற செய்தியைச் சொல்லுங்கள். வகுப்பில் நிலவும் அமைதியே போதும். முடிவு தெரிந்த பின் முடிவெடுத்தவரைக் குறை சொல்வது எவ்வளவு எளிது என்பதை இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலத்தை அளந்து காட்டுதல்

ஆண்டுகளை மனப்பாடம் செய்த மாணவருக்கும் காலத்தின் நீளம் பிடிபடுவதில்லை. ஐந்து மீட்டர் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு சென்டிமீட்டர் பத்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை இன்று. பதினைந்து வயது மாணவரின் வாழ்க்கை ஒன்றரை சென்டிமீட்டர். நிலவில் மனிதன் கால் வைத்தது அதற்குச் சற்றே தள்ளி. ஐரோப்பாவில் அச்சு நூல் வந்த 1450கள் கயிற்றில் ஏறக்குறைய 57 சென்டிமீட்டரில். கீஸாவின் பெரிய பிரமிடு நான்கரை மீட்டரைத் தாண்டிப் போய்விடும். அசோகரை எங்கே கட்டுவது என்று கேளுங்கள். பிரமிடுக்குப் பக்கத்தில் என்பார்கள். உண்மையில் அவர் பிரமிடுக்கும் நமக்கும் ஏறத்தாழ நட்டநடுவில் வருகிறார். கயிற்றை வகுப்பறைச் சுவரில் அப்படியே விட்டுவைத்தால் ஆண்டு முழுவதும் புதிய நிகழ்வுகளுக்கு அடையாளமாகத் துணித்துண்டுகளைக் கட்டிக்கொண்டே போகலாம்.

படங்கள்

புகைப்படத்தை முழுதாகக் காட்டாமல் நான்கில் ஒரு பகுதியை மட்டும் முதலில் காட்டி, மெல்ல விரிப்பது நல்லது. கண் அப்போதுதான் வேலை செய்கிறது. 1945 மே 2 அன்று பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏற்றப்படும் காட்சியை யெவ்கேனி கால்தேய் எடுத்த படம் இதற்கு ஏற்றது. அந்தப் படத்தில் ஒரு வீரரின் இரண்டு கைகளிலும் கடிகாரம் இருந்தது. கொள்ளையடித்ததாகத் தெரிந்துவிடும் என்பதால் வெளியிடுவதற்கு முன்பு ஒன்றைச் சுரண்டி அழித்தார்கள், புகையையும் கூட்டினார்கள். திருத்தாத படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே வைத்து வித்தியாசத்தைத் தேடச் சொல்லலாம். ‘அப்படியானால் இது பொய்ப்படம், தூக்கிப் போட்டுவிடலாமா?’ என்று கேட்டால், முதலில் ஆம் என்பார்கள். எதை மறைத்தார்கள் என்பதே, மறைத்தவர்களைப் பற்றிய சான்று என்பதை நோக்கி உரையாடலைத் திருப்புவது உங்கள் பொறுப்பு.

நடிப்பும் அதன் எல்லையும்

ஒருமுறை நான் ஒரு நீதிமன்ற விசாரணையை வகுப்பில் நாடகமாக நடத்தினேன். ஒட்டுமீசை, அங்கி, மரச்சுத்தியல் என்று ஏற்பாடுகள் பலமாக இருந்தன. மாணவர்கள் மிகவும் மகிழ்ந்தார்கள். அடுத்த வாரம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டபோது, சாட்சி சொல்லும்போது ஒருவனுடைய மீசை விழுந்தது என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. மாணவர்கள் எதைப் பற்றி யோசிக்கிறார்களோ அதுதான் அவர்கள் நினைவில் நிற்கிறது. நான் அவர்களை மீசையைப் பற்றி யோசிக்க வைத்திருந்தேன். அன்று முதல், ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் எதிரில், ‘இதைச் செய்யும்போது மாணவர் மனத்தில் ஓடுவது என்ன?’ என்று பாடக்குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவைத்துக்கொள்கிறேன். ஒட்டுவது, வண்ணம் தீட்டுவது, உடையைச் சரிசெய்வது என்று பதில் வந்தால், அந்தச் செயல்பாட்டை வெட்டிவிடுகிறேன்.

துன்பத்தை நடித்துக் காட்டச் சொல்வது வேறு வகையான தவறு. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். கரையை உயிரோடு அடைந்தவர்கள் ஏறத்தாழ ஒரு கோடியே ஏழு லட்சம். அந்தக் கப்பலின் அடித்தளத்தை மேசைகளுக்குக் கீழே படுத்து உணர முடியாது. முயன்றால் அது விளையாட்டாகவோ, யாரேனும் ஒரு மாணவருக்குக் காயமாகவோ முடியும். இந்த இரண்டு எண்களையும் கொடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கச் சொல்வது, நடிப்பைவிட ஆழமாகப் போகும். அதோடு நிறுத்திவிடாமல், எதிர்த்தவர்களையும் தப்பியவர்களையும் எழுதியவர்களையும் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்குயானோ தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 1789இல் வெளியிட்டார். அவர் குரலில் பத்து வரி கேட்ட மாணவர் அந்த மக்களை வெறும் எண்ணிக்கையாக நினைக்க மாட்டார். சாதி, மதம், இனம், பிரிவினை போன்ற பாடங்களிலும் இதே கவனம் தேவை: அந்த வரலாற்றின் வாரிசுகள் உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம், யாரையும் தம் சமூகத்தின் சார்பில் பேச வைக்கக் கூடாது.

மெதுவாகப் படிப்பவர்களும் வீட்டுப்பாடமும்

வாசிப்பில் பின்தங்கிய மாணவருக்கு எளிய கேள்வியைக் கொடுத்து ஒதுக்கிவிடுவது வழக்கம். கேள்வி எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். உதவி மட்டும் மாறட்டும். ஒருவருக்கு மூன்று துண்டுகளுக்குப் பதில் இரண்டு, இன்னொருவருக்கு வாக்கியத்தின் தொடக்கம், மற்றொருவருக்குச் சொற்பொருள் அட்டை என்று கொடுத்தாலே பெரும்பாலானோர் விவாதத்துக்குள் வந்துவிடுவார்கள்.

வீட்டுப்பாடமாகப் பெரியவர்களிடம் நினைவுகளைக் கேட்டு வரச் சொல்வது நல்லது. ஆனால் கேள்விகளை வகுப்பிலேயே செதுக்கி அனுப்ப வேண்டும். ‘அந்தக் காலம் நன்றாக இருந்ததா?’ என்றால் ‘நன்றாகத்தான் இருந்தது’ என்பதோடு முடியும். ‘உங்களுக்கு முதன்முதலில் வந்த கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள்?’ என்பது போன்ற கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் வரும். வந்த பதில்களில் இருவர் ஒரே நிகழ்வை வேறுவிதமாகச் சொல்லியிருந்தால், அதுவே அடுத்த வகுப்பின் தொடக்கம்.

பாடப்பகுதியை முடிக்க வேண்டிய நெருக்கடி

இப்படியெல்லாம் நடத்தினால் பாடப்பகுதியை எப்போது முடிப்பது என்ற கேள்வி நியாயமானது. எல்லாப் பாடவேளையையும் இப்படி நடத்த முடியாது. நடத்த வேண்டிய தேவையும் இல்லை. ஓர் அலகில் ஆழமாகத் தோண்ட வேண்டிய இடம் ஒன்றோ இரண்டோ இருக்கும். மற்றவற்றைத் தெளிவான விளக்கத்தாலும், வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடக் குறுவினாக்களாலும் விரைவாகக் கடந்துவிடலாம். சென்ற வாரப் பாடத்திலிருந்து இரண்டு, சென்ற மாதப் பாடத்திலிருந்து இரண்டு என்று தாளில் எழுத வைக்கும் இந்தக் குறுவினாக்கள், தேர்வுக்கு முந்தைய வாரத்துப் பதற்றத்தைப் பெருமளவு குறைக்கும். ஆழமாகப் படித்த இடத்தில் ‘ஏனெனில்’, ‘ஆயினும்’ என்று எழுதிப் பழகியவர், தேர்வில் நெடுவினாவைக் கண்டு பட்டியல் போட்டு நிறுத்துவதில்லை என்பதையும் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் அந்த ஒற்றை வாக்கியத் தாள்களை வாங்கி, மதிப்பெண் போடாமல் மூன்று கட்டாகப் பிரியுங்கள்: துப்புகளைப் பயன்படுத்தியவை, ஒரு துப்போடு நின்றவை, தடம் மாறியவை. அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. மூன்றாவது கட்டிலிருந்து பெயர் தெரியாதபடி ஒரு வாக்கியத்தை எடுத்து, மறுநாள் மாணவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிவைத்து, ‘இதைத் திருத்த எந்தச் சான்று வேண்டும்?’ என்று கேட்டு வகுப்பைத் தொடங்கலாம்.